பௌர்ணமிக்கு மட்டும் வரும் பிழை

தமிழ்செல்வி அந்த மாடிப்படி ஏறி வந்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம், சந்தனா சாப்பிட்டு முடித்து டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் வாசலில் ஒரு பெண் நிற்கிறாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் போனை முன்னால் நீட்டியபடி நின்றாள். அழுத கண் என்பது பார்த்தாலே தெரிந்தது.

"ஊசி போடச் சொல்லி மணி அடிக்குமே, அந்த ஆப் எழுதினவங்க இங்கதான் இருக்காங்கன்னு க்ளினிக்ல சொன்னாங்க. நீங்களா மேடம்?"

"நான்தான். உள்ள வாங்க."

நான்தான் என்று சொன்னபோது சந்தனாவுக்குள் கொஞ்சம் பெருமையும் எட்டிப் பார்த்தது, அதை மறைப்பானேன். வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்தது சக்கரபாணியின் கம்பெனி. கம்பெனி என்றதும் கண்ணாடிக் கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். நாலு மேசை, ஒழுகுகிற ஏசி ஒன்று, அது ஒழுகுவதற்கு ஒரு பக்கெட். அங்கே சந்தனாதான் சூரப்புலி. ஊருக்குள் சர்க்கரை வைத்தியம் பார்க்கும் ஒரு டாக்டரம்மாவின் க்ளினிக்குக்காக, மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் தனி ஆளாக எழுதிக் கொடுத்தது அந்த ஊசி ஆப். எத்தனை யூனிட் இன்சுலின், எத்தனை மணிக்கு என்று நோயாளியின் போனில் மணி அடித்துச் சொல்லும்.

தமிழ்செல்வி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். மாமியார் சரசுவுக்குச் சர்க்கரை. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலேயே சூடம், தேங்காய், சோடா விற்கிற கடை வைத்திருக்கிறாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் ஊசி போட வேண்டும் என்பது டாக்டரம்மா உத்தரவு. ஊசி ஆரம்பித்து இரண்டு மாசம்கூட ஆகவில்லை; போன் அடிக்கும், மருமகள் போடுவாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன மாசம் பௌர்ணமி அன்று கடையில் கூட்டம் அலைமோதும்போது சரசு அப்படியே சாய்ந்துவிட்டாள். தூக்கிக்கொண்டு பக்கத்து முதலுதவிக் கொட்டகைக்கு ஓடினார்கள். அங்கிருந்தவர் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, "ஊசி ஜாஸ்தியா போட்டுட்டீங்களா?" என்று கேட்டார். அவர் கேட்டது ஒரு பேச்சுக்குத்தான். இந்த மாசப் பௌர்ணமிக்கும் அதே மயக்கம் வந்தபோது, அந்தக் கேள்வியே வீட்டில் பதிலாகிவிட்டது.

"நான்தான் அளவு தெரியாம ஜாஸ்தி போட்டுட்டேன்றாங்க மேடம். வேணும்னே போட்டேன்னு வாய் தொறந்து சொல்லல. ஆனா ஊசிய என் கையிலேர்ந்து வாங்கி எங்க வூட்டுக்காரர் கையில குடுத்துட்டாங்க. வெள்ளிக்கெழம எங்க அண்ணன் வந்து என்ன அழைச்சிக்கினு போறாரு. கொஞ்ச நாள் அங்க இருந்துட்டு வான்றாங்க. கொஞ்ச நாள்னா எவ்ளோ நாள்னு யாரும் சொல்லல."

"நான் என்ன பண்ணணும்ங்க?"

"போன் சொன்ன அளவுதான் போட்டேன், போன் சொன்ன நேரத்துக்குத்தான் போட்டேன். நீங்க பாத்து ஒரு வார்த்தை சொன்னா போதும்."

சந்தனா போனை வாங்கிப் பார்த்தாள். தினமும் பத்து யூனிட் போட்டதாகப் பதிவு. தினமும் அஞ்சே காலுக்கு மணி அடித்திருக்கிறது. பௌர்ணமி அன்றும் அதே பத்து, அதே அஞ்சே கால். அவள் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காகவே இருந்தது.

"ஆப் சரியாத்தாங்க வேலை செஞ்சிருக்கு. இதுல ஒரு தப்பும் இல்ல."

நல்ல சேதி சொல்வதாகத்தான் அவள் நினைத்தாள். கேட்டவளுக்கு அது வேறு மாதிரி விழுந்தது. ஆப்பில் தப்பு இல்லையென்றால் பிறகு யாரிடம் தப்பு? தமிழ்செல்வி போனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"அப்ப சரிங்க மேடம்," என்றாள். வேறொன்றும் கேட்காமல் இறங்கிப் போய்விட்டாள்.

உள் அறையிலிருந்து எட்டிப் பார்த்த சக்கரபாணி, "மாமியார் மருமக பஞ்சாயத்துக்கு நம்மள சாட்சிக்குக் கூப்புடறாங்களா? நல்லா இருக்கு போ," என்றார். சந்தனாவும் சிரித்து வைத்தாள்.

ஆனால் அந்த "அப்ப சரிங்க மேடம்" அவளை விடவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் காதில் கிடந்தது. காலையில் பல் தேய்க்கும்போதும் கிடந்தது. இன்னொன்றும் உறுத்தியது. மனுஷர் கை தவறினால் என்றைக்கு வேண்டுமானாலும் தவறும். செவ்வாயும் தவறும், சனியும் தவறும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி நாள் பார்த்தா தவறும்? இப்படிக் கணக்காக வருகிற தப்பை எங்கோ யாரோ எழுதித்தான் வைத்திருக்க வேண்டும். தான் எழுதியதைத் தவிர அந்தப் பெண்ணின் வீட்டில் வேறு எதுவும் எழுதி ஓடவில்லையே.

புதன்கிழமை வந்ததும் வராததுமாக அந்தப் பழைய ஃபைலைத் திறந்தாள். திறந்து, தான் எழுதியதைத் தானே பார்த்து மலைத்துப்போனாள்.

சந்தனாவின் கோடிங்கைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மற்றவர்கள் இருபது வரியில் செய்வதை அவள் ஒரே வரியில் செய்துவிடுவாள். அந்த வரி திரையின் இடது ஓரத்தில் புறப்பட்டு, வலது ஓரத்தையும் தாண்டி, கண்ணுக்குத் தெரியாத தேசத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி, அதற்குள் இன்னொன்று. பெயர் வைப்பதிலும் சிக்கனம்: ஏ, பி, கே. கே போதாவிட்டால் கேகே. இடையில் ஒரு வெற்று வரி விட மாட்டாள். இது இன்னதற்கு என்று பக்கத்தில் ஒரு குறிப்பு எழுத மாட்டாள். ஓடுகிறதா? ஓடுகிறது. அப்புறம் என்ன?

அடுத்த மேசையில் இருந்த எழில் இதற்கு நேர் எதிர். செங்கம் பக்கத்துக்காரன், அவள் வயதுதான். ஒவ்வொரு படியையும் தனி வரியில் எழுதி, உள்ளே தள்ள வேண்டியதை ஒழுங்காக உள்ளே தள்ளி, ஒவ்வொன்றுக்கும் வாய் நிறையப் பெயர் வைப்பான். "என்னடா, கல்யாணப் பத்திரிகை அடிக்கிறியா? இவ்ளோ எடம் விட்டு விட்டு எழுதற," என்று சந்தனா அவனைக் கிண்டல் பண்ணாத நாள் கிடையாது. ஒரு தடவை அவன் அவளுடைய இந்த ஃபைலைத்தான் பிரித்து அடுக்கி வைத்தான். "என் ஃபைல்ல கை வெக்காத, ஓடற வண்டிய ஏன் நோண்டற?" என்று சத்தம் போட்டு, அதைப் பழையபடியே ஆக்கிவிட்டாள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

சந்தனாவுக்கு இன்று தான் பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாத கதையாக ஆயிற்று. கே என்பது நோயாளியின் எண்ணா, யூனிட்டின் அளவா? கேகே ஒரு இடத்தில் நேரம். பத்து அடைப்புக்குறி தாண்டினால் அதுவே அளவு. புத்திசாலித்தனம் என்று நினைத்து முடிந்த முடிச்செல்லாம் இப்போது அவள் விரலையே மாட்டியது. அடுத்தவருக்குப் புரிய எழுத வேண்டும் என்று சொன்னால் நமக்கு இளக்காரம். மூன்று வருஷம் கழித்து வந்து நின்றால் நாமே அந்த அடுத்தவர்தான் என்பது வந்து நிற்கும்போதுதான் உறைக்கிறது.

முதலில் அவள் நிலாவைத் தேடினாள். தேதியைக் கணக்குப் பண்ணும் இடத்தில் ஏதோ ஒரு கோளாறு, பௌர்ணமி அன்று மட்டும் அளவு இரட்டிப்பாகிறது என்று ஒரு சந்தேகம். நிரல் முழுக்கத் துழாவியதில் நிலா இல்லை, திதி இல்லை. பிறகு அளவைத் தேடினாள். நடுநடுவே எண்ணை வெளியே காட்டச் சொல்லி வரிகளைச் செருகிப் பார்த்தாள். எண்கள் வந்தன, எந்த எண் எதனுடையது என்றுதான் தெரியவில்லை. ஒரு இடத்தில் திருத்தினால் மூன்று இடத்தில் உடைந்தது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல் புதன் முழுக்கப் போயிற்று. வியாழன் காலையும் போயிற்று. நாளைக்கு அந்தப் பெண்ணின் அண்ணன் வந்துவிடுவான்.

மத்தியானம் அவள் நாற்காலியை எழில் பக்கம் உருட்டினாள். ரோஷத்தை விழுங்க ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

"எழில், இத கொஞ்சம் பாக்கறியா?"

எழில் பார்த்தான். வலது பக்கமாக நகர்த்தி நகர்த்திப் பார்த்தான். வரி முடிவதாகக் காணோம்.

"எனக்கு இதுல ஒரு எழவும் புரியல சந்தனா. ஒனக்குப் புரியுதா?"

"இல்ல."

"அப்ப தப்பத் தேடாத. மொதல்ல பிரிச்சுப் போடு. தப்பு எங்கயும் ஓடிடாது."

"நாளைக்குள்ள முடிக்கணும்டா."

"அதனாலதான் சொல்றேன்."

பிரிக்க உட்கார்ந்தார்கள். சொல்லிக்காட்டுவான் என்று சந்தனா காத்திருந்தாள். அவன் சொல்லிக்காட்டவில்லை, அதுவே பெரிய உபகாரம். நீளமான வரியை ஒவ்வொரு மூட்டிலும் உடைத்துத் தனித்தனி வரியாகப் போட்டார்கள். எந்த வரி எதற்குள் அடக்கம் என்று தெரியும்படி உள்ளே தள்ளினார்கள். இரண்டு வேலை பார்த்த கேகேயை இரண்டாக வெட்டினார்கள். பிறகு பெயர் வைக்கும் படலம். அதில் எழிலுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மொட்டையாக ஒரு எண்ணை விட்டுவைக்க மாட்டான். எண் என்று ஒன்று இருந்தால் அது இன்னது என்று பெயர் சொல்லியாக வேண்டும்.

"இந்த முப்பது என்ன?"

"ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் நடுவுல முப்பது நிமிஷம்."

"அதையே பேரா வெய்யி. இந்த ரெண்டு?"

"மணி அடிச்சு எடுக்கலன்னா, இன்னும் ரெண்டு வாட்டி அடிக்கும்."

"வெய்யி."

இப்படியே வந்து, அந்த நீள வரியின் அடிவயிற்றில் இருந்த ஒரு எண்ணில் நின்றார்கள். பதினேழு புள்ளி எழுபத்தைந்து. முன்பு ஏழெட்டு அடைப்புக்குறிக்குள் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தது. இப்போது தனி வரியில், சுற்றிலும் ஒன்றுமில்லாமல் நின்றது.

"இது?"

சந்தனாவுக்கு இது உடனே ஞாபகம் வந்தது. நோயாளி எத்தனை மணிக்கு ராத்திரிச் சாப்பாடு சாப்பிடுவார் என்று க்ளினிக்கில் கேட்டுப் பதிவார்கள். யாராவது பதியாமல் விட்டுவிட்டால் மணி அடிக்க ஒரு பொது நேரம் வேண்டுமே, அதற்காகப் போட்டது. அவள் சாதாரணமாக, "எல்லாரும் வழக்கமா ராத்திரி சாப்பிடற நேரம்," என்று அப்படியே பெயரைத் தட்டினாள். அதற்கு எதிரே அந்த எண் நின்றது.

எழில் இருபத்துநாலு மணிக் கணக்கை மாற்றி வாய்விட்டுப் படித்தான். "எல்லாரும் வழக்கமா ராத்திரி சாப்பிடற நேரம், அஞ்சே முக்கால்." சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். "அஞ்சே முக்காலுக்கா? யாரு வூட்ல?"

"எங்க வீட்லதான்," என்றாள் சந்தனா. அதைச் சொல்லி முடிக்கும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது.

சந்தனாவின் வீட்டார் ஆரணிப் பக்கத்து ஜைனக் குடும்பம். எத்தனையோ தலைமுறையாக அந்த மண்ணிலேயே உழுது வாழ்ந்தவர்கள். பொழுது சாய்ந்தபின் அவர்கள் வீட்டில் அடுப்பும் எரியாது, இலையும் விழாது. விளக்கு வெளிச்சத்தில் தெரியாமல் விழுந்து சாகும் பூச்சி பொட்டுக்குக்கூடத் தன்னால் தீங்கு வரக் கூடாது என்கிற தருமம். அம்மா, அப்பா, அத்தை, சித்தப்பா, ஊரில் அக்கம்பக்கம் எல்லாருமே அப்படித்தான். ஆபீசிலும் அவள் சாயங்காலமே டப்பாவைத் திறந்துவிடுவாள். மற்றவர்கள் ஒன்பது மணிக்குச் சாப்பிடுகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த வரியை எழுதிய அவசரத்தில், ராத்திரிச் சாப்பாடு என்றதும் விரல் தன் வீட்டு நேரத்தையே தட்டிவிட்டது. எண்ணுக்கு ஒரு பெயர் வைத்திருந்தால் தப்பு அன்றைக்கே பல்லை இளித்திருக்கும். தமிழ்செல்வியின் போனில் அஞ்சே கால் என்று கண்ணால் பார்த்தும் உறுத்தாமல் போனதும் இதனால்தான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

உடனே தமிழ்செல்விக்குப் போன் போட்டாள்.

"அக்கா, க்ளினிக்ல பேரு பதிஞ்ச அன்னைக்கு, ராத்திரி எத்தன மணிக்கு சாப்பிடுவீங்கன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்களே. அத்தை, கட சாத்தினா சாப்பிடுவேன்னாங்க. அந்தப் பொண்ணு எத்தன மணின்னு மறுபடி கேட்டுச்சு. கட சாத்தறதுக்கு ஏதுமா மணின்னு அத்தை சொல்லிட்டாங்க. அதுவும் சிரிச்சிட்டு எழுதாம உட்டுடுச்சு. ஏன் மேடம்?"

"அஞ்சே காலுக்கு ஊசி போட்டா, அதுக்கப்புறம் அவங்க எப்ப சாப்பிடுவாங்க?"

"கட சாத்த எட்டு, எட்டரை ஆவும். ஆனா அந்தி நேரத்துல பக்கத்துக் கடையிலேர்ந்து போண்டாவும் டீயும் வாங்கிப்பாங்க. சொன்னா கேக்க மாட்டாங்க." கொஞ்சம் நிறுத்தி, "பௌர்ணமின்னா அதுக்கும் நேரம் ஒழியாது. கூட்டம் நெருக்கும்," என்றாள்.

விஷயம் இவ்வளவுதான். சர்க்கரைக்காரி தின்னக் கூடாத போண்டாதான் சரசுவை மாசம் முழுக்கக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. பௌர்ணமி அன்று போண்டா இல்லை. ஊசி உள்ளே போய் மூன்று மணி நேரம் வயிற்றில் ஒன்றுமில்லாமல் நின்றிருக்கிறாள். இன்றைக்கும் அஞ்சே காலுக்கு மணி அடிக்கும், இன்று ஊசி போடுவது மகன் என்பதுதான் வித்தியாசம்.

"அக்கா, இன்னைக்கு மணி அடிச்சாலும் ஊசி போட வேணாம்னு சொல்லுங்க. நான் க்ளினிக்ல பேசிட்டு நேர்ல வரேன்."

"நான் சொன்னா யாரு மேடம் கேப்பாங்க?" என்றாள் தமிழ்செல்வி. அதுவும் நியாயம்தான். சந்தனா கணவனின் எண்ணை வாங்கி, டாக்டரம்மா பேசுவார்கள் என்று சொல்லி வைத்தாள்.

நிரலைத் திருத்த அதிக நேரம் ஆகவில்லை; பிரித்து வைத்த வீட்டில் பொருள் தேடுவது சுலபம். நேரம் பதியாதவர்களுக்கு இனி மணி அடிக்காது. எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள் என்று போன் கேட்கும், சொன்னால்தான் நகரும். அப்படி நேரம் விட்டுப்போன வேறு சிலரையும் எழில் தேடி எடுத்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினான். யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை. டாக்டரம்மா சந்தனாவைப் போனிலேயே வாங்கு வாங்கென்று வாங்கினார். வாங்கி முடித்து, "நானும் அந்த நேரத்தைப் பார்த்திருக்கணும்மா," என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, சரசு வீட்டுக்கு உடனே பேசுவதாகச் சொன்னார்.

சக்கரபாணிதான் வியர்த்துப் போனார்.

"மாத்தியாச்சு இல்ல? எல்லார் போன்லயும் தானா மாறிடும். டாக்டரும் சொல்லிடுவாங்க, இனிமே எட்டு மணிக்குப் போடுங்கன்னு. விஷயம் முடிஞ்சுது. நீ எதுக்கு நேர்ல போயி தலையக் குடுக்கற?"

"டாக்டர் நேரத்த மாத்தச் சொல்லுவாங்க சார். அந்தப் பொண்ணு மேல தப்பில்லன்னு யாரு சொல்றது? நாளைக்கு அவங்க அண்ணன் வராரு."

"அவங்க ஆத்திரத்துல கம்பெனி மேல கேசு போட்டா?"

"போடட்டும் சார். என் பேரச் சொல்றேன்."

சக்கரபாணி கெட்டவர் இல்லை, பயந்தவர். பக்கெட்டில் சொட்டிய தண்ணீரைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தார். பிறகு, "கம்பெனி பேரையும் சேத்தே சொல்லு. ஒன்ன மட்டும் மாட்டி வுட்டாங்கன்னு ஆவக் கூடாது," என்றார். அவரிடமிருந்து அதை அவள் எதிர்பார்க்கவே இல்லை.

எழிலின் பைக்கில் அடி அண்ணாமலை போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டிருந்தார்கள். ஆபீஸ் மேசையில் சந்தனாவின் டப்பா திறக்கப்படாமலே கிடந்தது. கடைக்குப் பின்னாலேயே வீடு. எழில் கூட வர எழுந்தான். "நான் போறேன்டா. நான் எழுதினது," என்று அவனைக் கடை வாசலிலேயே நிறுத்திவிட்டு அவள் உள்ளே போனாள்.

கூடத்தில் சுவர் ஓரமாக ஒரு பை கட்டி வைத்திருந்தது. தமிழ்செல்வி சமையல்கட்டு வாசலில் நின்றாள். டாக்டரம்மா போனில் தடுத்ததால் அன்று அஞ்சே காலுக்கு ஊசி போட்டுக்கொள்ளாமல், சீக்கிரமே கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்த சரசு பாயில் உட்கார்ந்திருந்தாள். கனத்த உடம்பு, கூர்மையான கண். மகன் சுரேஷ்குமார் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். பெண் குரல் கேட்டதும் கடையிலிருந்து அவனும் உள்ளே வந்தான்.

சந்தனா சுற்றி வளைக்கவில்லை. தான் யார், எழுதியது என்ன, அந்த நேரம் எப்படி வந்தது என்று எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னாள்.

"எங்க அம்மா செத்திருந்தா இன்னா பண்ணியிருப்பே?" சுரேஷ்குமாரின் குரல் கடை வாசல் வரை கேட்டிருக்கும்.

"என் தப்புதாங்க," என்றாள் சந்தனா.

"தப்புன்னு சொல்லிட்டா ஆச்சா? அஞ்சே முக்காலுக்கு எவன்மா ராச்சோறு துன்றான்? யார்கிட்ட கத வுடற?"

சரசு கையை அசைத்து மகனை அடக்கினாள். சந்தனாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ நயினார் வூட்டுப் பொண்ணா?"

"ஆமாங்க, ஜைனங்கதான்."

"இன்னிக்கு சாப்ட்டியா?"

சந்தனா தலையைக் குனிந்துகொண்டாள். "இல்லீங்க. வேலையில பொழுது போயிடுச்சு."

"அப்ப காலைல வரைக்கும் பட்டினியா?"

"தண்ணி குடிப்பேங்க."

"இவங்க அப்பிடித்தான்டா," என்றாள் சரசு மகனிடம். "எங்க ஊரு பக்கத்துல ஒரு தெருவே இருந்துச்சு. பொழுது எறங்கினா ஒரு வாய் தொட மாட்டாங்க. பொய் சொல்லல இவ." தமிழ்செல்வி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சந்தனா வாங்கிக் குடித்தாள். அவ்வளவு தாகம் இருந்தது குடிக்கும்போதுதான் தெரிந்தது.

சரசு மறுபடி கேட்டாள். இந்தத் தடவை குரல் தணிந்திருந்தது. "அளவு? அளவு ஜாஸ்தி ஆவலயா?"

"ஒரு நாள்கூட ஆவலீங்க. உங்க மருமக பத்துன்னா பத்துதான் போட்டிருக்காங்க. போன் சொன்ன நிமிஷத்துக்குப் போட்டிருக்காங்க. இவ்ளோ ஒழுங்கா போட்டவங்க எங்ககிட்ட வேற யாருமே இல்ல. அவங்க கொஞ்சம் ஏனோதானோன்னு இருந்திருந்தாகூட உங்களுக்கு மயக்கம் வந்திருக்காது."

வெளியே பாதையில் யாரோ சிலர் நாமம் சொல்லிக்கொண்டு நடந்து போனார்கள். சுரேஷ்குமார் மனைவியைப் பார்க்காமல் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் வடிந்து, அந்த இடத்தில் வேறொன்று ஏறியது. மனைவிக்காக ஒரு வார்த்தை பேசாமல் நின்ற நாட்களை நினைத்துக்கொண்டான் போல.

சரசு மன்னிப்புக் கேட்கிற ரகமில்லை. கேட்கவும் இல்லை.

"ஏ செல்வி, சோறு வடிச்சிட்டியா?"

"வடிச்சிட்டேன்."

"ஊசிய எடுத்தா."

பழக்கத்தில் சுரேஷ்குமார் அலமாரிப் பக்கம் நகர்ந்தான்.

"நீ குந்துடா," என்றாள் தாய்.

தமிழ்செல்வி நகரவில்லை. "நான் போட மாட்டேன். எனக்கு வேணாம்," என்றாள். "நாளைக்கு எங்க அண்ணன் வராரு. அவர்கிட்ட நான் இன்னா சொல்றது? எல்லாரும் சேந்து என்ன..." மேலே பேச முடியாமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். ஒரு மாசமாக அடக்கிவைத்த அழுகை. சந்தனாவுக்கும் கண் நிறைந்துவிட்டது, துடைக்கவும் தோன்றவில்லை.

"வரட்டும்," என்றாள் சரசு. "வந்து இருந்து விருந்து துன்னுட்டுப் போவட்டும். அந்தப் பைய எடுத்து உள்ள வெய்யிடா சுரேசு."

அவன் பையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனான். போனவன் உடனே வெளியே வரவில்லை.

தமிழ்செல்வி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். முதலில் தட்டை வைத்தாள். சோறு, கீரை, குழம்பு எல்லாவற்றையும் எடுத்து மூடிவைத்தாள். அரை மணியில் மாமியார் சாப்பிட்டாக வேண்டும், இனி அதில் அவள் யாரையும் நம்பப் போவதில்லை. பிறகு மருந்தை ஊசியில் ஏற்றினாள். ஏற்றி, மாமியாரின் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"பாத்துக்குங்க. பத்துதான்."

சரசு புடவையை ஒதுக்கி வயிற்றைக் காட்டிவிட்டு, முகத்தை அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

"என்கிட்ட இன்னாத்துக்குக் காட்டற? போடு."